பழைய பவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துக்கொள்வது எப்படி? சப்ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் போஸ்டிங் ஒரு 110/11 கே.வி. சப்ஸ்டேஷனில் கிடைத்திருக்கிறது. யார்டுக்குள் நுழைந்தால் எதிரே 16 எம்.வி.ஏ. திறன் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நிற்கிறது. பெயர்ப்பலகையைத் துடைத்துப் பார்த்தால் 1989. நீங்கள் பிறப்பதற்கு முன்பே வேலைக்கு வந்தது. 'இது இன்னும் எத்தனை வருடம் தாங்கும்?' என்று உடனே ஒரு பயம் வரும். கணக்குப் பிரிவில் கேட்டால், அதன் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது என்பார்கள். ஆபரேட்டரைக் கேட்டால், "இது கல்லு மாதிரி சார், புதுசா வந்ததுதான் தொந்தரவு" என்பார். இரண்டு பதிலையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரின் வயது பெயர்ப்பலகையில் இல்லை, உள்ளே காயிலைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதம் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்தபடியே படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வேலை.

காகிதம் ஏன் கெடுகிறது?

செம்பு சீக்கிரம் கெடாது. எண்ணெய் கெட்டால் சுத்தம் செய்யலாம், மாற்றலாம். டேங்குக்குள்ளிருந்து கம்பியை வெளியே கொண்டுவரும் புஷ்ஷிங்கை மாற்றலாம். கம்பியைச் சுற்றிய கிராஃப்ட் காகிதம் மட்டும் கெட்டால் கெட்டதுதான். அதை மாற்றுவதென்றால் காயிலையே மாற்ற வேண்டும்.

காகிதத்தில் இருக்கும் செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட சங்கிலி. புதுக் காகிதத்தில் ஒரு சங்கிலிக்குச் சராசரியாக 1000 முதல் 1200 மணிகள் இருக்கும். இந்த எண்ணுக்கு டி.பி. என்று பெயர். வருடங்கள் போகப் போகச் சங்கிலி துண்டு துண்டாக அறுபடும். 200க்கு வந்துவிட்டால் காகிதத்தின் பலம் போய்விட்டது என்று அர்த்தம். பரணில் கிடக்கும் பழைய தினசரியை மடித்தால் மடிப்பிலேயே உடையுமே, அந்த நிலை.

புதிதாக வருபவர்கள் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மொறுமொறுத்துப்போன காகிதமும் மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். மீட்டரில் எதுவும் தெரியாது. ஒரு நாள் பக்கத்து 11 கே.வி. ஃபீடரில் (ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைனில்) மரக்கிளை விழுந்து ஷார்ட் ஆகும்போது, அந்தக் கரண்ட் காயில்களை ஒரு உலுக்கு உலுக்கும். அப்போது காகிதம் உதிர்ந்துவிடும். 'நேற்று வரைக்கும் நன்றாகத்தானே ஓடியது' என்று அதிசயப்பட அதில் ஒன்றும் இல்லை.

காகிதத்துக்கு மூன்று எதிரிகள்: சூடு, ஈரம், காற்று. சூட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பான ஐ.இ.சி.யின் 60076-7 தரநிலைப்படி, சாதாரணக் காகிதம் சுற்றிய காயிலின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸில் இருந்தால் காகிதம் கெடுவது ஒரு மடங்கு வேகம். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் வேகம் இரட்டிக்கும். 104 டிகிரியில் இரண்டு மடங்கு, 110 டிகிரியில் நான்கு மடங்கு. கீழே இறங்கினாலும் அதே கணக்குதான். 80 டிகிரியில் எட்டில் ஒரு பங்கு. அதனால் பாதி லோடிலேயே காலம் தள்ளிய 1989 டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இளமையாக இருக்கலாம். கத்திரி வெயிலில் ஃபேன் ஓடாமல் முழு லோடு சுமந்த 2009 டிரான்ஸ்ஃபார்மர் கிழடுதட்டியிருக்கலாம்.

ஈரமும் இதே மாதிரிதான். காகிதத்தில் ஈரம் இரண்டு மடங்கானால் அது கெடும் வேகமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எடையில் 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 3 சதவீதத்தை எட்டினால் அது ஈர டிரான்ஸ்ஃபார்மர்.

முதல் வேலை: ஜாதகத்தை எழுதுங்கள்

ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒரு ஹிஸ்டரி கார்டு இருக்க வேண்டும். பல இடங்களில் பேருக்கு இருக்கும், நடுவில் பத்து வருடம் காணாமல் போயிருக்கும். முதல் மாதம் முழுக்க இதற்கே செலவானாலும் பரவாயில்லை. பழைய லாக் ஷீட், டெஸ்ட் ரிப்போர்ட், ஃபேக்டரி டெஸ்ட் சான்றிதழ் எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்துத் தூசு தட்டி ஒரே நோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அதில் என்ன இருக்க வேண்டும்? எந்த வருடம் எந்த சப்ஸ்டேஷனில் இருந்தது, எப்போது இடம் மாறியது, டிரிப் ஆன நாள்கள், அருகில் நடந்த பெரிய ஃபீடர் ஃபால்ட்டுகள், எண்ணெய் டாப்-அப் செய்தது, ஃபில்டர் செய்தது. கடைசியாகச் சொன்னதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். எண்ணெயை வேக்குவம் வைத்து ஃபில்டர் செய்தால் அதில் கரைந்திருக்கும் வாயுக்களும் போய்விடும். எண்ணெயை மாற்றினாலோ, களிமண் வைத்துச் சுத்திகரித்தாலோ காகிதம் கெட்டதற்கான தடயமும் சேர்ந்து போகும். ஃபில்டர் செய்த தேதி தெரியாதவர் அடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'ஆஹா, டிரான்ஸ்ஃபார்மர் நல்லாகிவிட்டது' என்று நிம்மதி அடைவார். உள்ளே காகிதம் அப்படியேதான் இருக்கும்.

தினமும் ஒரு சுற்று

கையில் லாக் ஷீட்டோடு போய், ஆயில் டெம்பரேச்சரையும் வைண்டிங் டெம்பரேச்சரையும் குறித்துவிட்டுத் திரும்புவது சுற்று ஆகாது. கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

காற்று போய்வரும் பிரீதரில் ஆரம்பியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடுகிறது. பகலில் லோடு ஏறினால் எண்ணெய் விரிந்து காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்தால் உள்ளே இழுக்கும். அந்தக் காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடிப்பதுதான் சிலிகா ஜெல். நீல ஜெல் ஈரம் குடித்தால் வெளிர் ரோஸ் நிறமாகும். இப்போது வரும் ஆரஞ்சு ஜெல் பச்சையாகும். எங்கிருந்து நிறம் மாறுகிறது என்று குனிந்து பாருங்கள். கீழிருந்து மேலாக மாறினால் சரி, காற்று முறையான வழியில் வருகிறது. மேல்பக்கம் முதலில் மாறினால் பிரீதருக்கு மேலே ஏதோ ஒரு கேஸ்கெட் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. அடியில் இருக்கும் கப்பில் கோடு வரைக்கும் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றிப்போனால் ஜெல் இருபத்து நான்கு மணி நேரமும் வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் இரண்டே வாரத்தில் முழுக்க ரோஸ் ஆகிவிடும். நூறு ரூபாய் எண்ணெய் ஊற்றாமல் கோடி ரூபாய்ச் சாமானுக்கு ஈரம் ஏற்றுவது எனக்கு இன்றும் மனம் பொறுக்காத விஷயம்.

அடுத்தது ரேடியேட்டர். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் ஒவ்வொரு ரேடியேட்டரின் மேல் முனையையும் அளந்து பாருங்கள். எல்லாம் 60 டிகிரி காட்டும்போது ஒன்று மட்டும் 35 காட்டினால் அதன் வால்வு மூடியிருக்கிறது. நான் பொறுப்பேற்ற ஒரு சப்ஸ்டேஷனில் எட்டு ரேடியேட்டரில் இரண்டு இப்படித்தான் இருந்தன. எப்போதோ கசிவை அடைக்க மூடியவர்கள் திறக்க மறந்துவிட்டார்கள். திறந்த மறுநாள் அதே லோடுக்கு டாப் ஆயில் 5 டிகிரி குறைந்தது. மேலே சொன்ன 6 டிகிரிக் கணக்கை நினைத்துக்கொண்டால் அந்த இரண்டு வால்வின் மதிப்பு புரியும்.

ஃபேன்களை மாதம் ஒரு முறையாவது மேனுவலில் போட்டு எல்லாம் ஓடுகின்றனவா, சரியான திசையில் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். டெம்பரேச்சர் மீட்டரில் சிவப்பு முள் அன்றைய உச்சத்தில் நிற்கும். அதைக் குறித்த பிறகுதான் ரீசெட் செய்ய வேண்டும். எண்ணெய்க் கசிவு, உள்ளே வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் புக்கோல்ஸ் ரிலேயின் கண்ணாடியில் வாயு, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரின் கவுண்டர் ரீடிங், இதெல்லாம் ஆபரேட்டருக்கே தெரியும்.

டேப் சேஞ்சருக்குத் தனிக் கன்சர்வேட்டர் (மேலே இருக்கும் எண்ணெய்த் தொட்டி) இருந்தால் ஒரு சின்ன உபாயம். மெயின் டேங்க் கன்சர்வேட்டரின் எண்ணெய் மட்டமும் டேப் சேஞ்சரின் மட்டமும் மெல்ல மெல்ல ஒன்றை ஒன்று நெருங்கினால், நடுவிலுள்ள சீல் கசிகிறது. டேப் சேஞ்சருக்குள் இருக்கும் டைவர்ட்டர் சுவிட்ச் ஒவ்வொரு முறை மாறும்போதும் சின்னதாக ஆர்க் வரும், அந்த எண்ணெயில் அசிட்டிலீன் இருப்பது சகஜம். அது மெயின் டேங்குக்குள் வந்தால் வாயு ரிப்போர்ட் உங்களைத் தேவையில்லாமல் கதிகலங்க வைக்கும்.

எண்ணெய் சாம்பிள் எடுப்பது

லேப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாம்பிள் சரியில்லை என்றால் ரிப்போர்ட் குப்பை. மழை நாளில், காற்றில் ஈரம் சொட்டும்போது எடுக்காதீர்கள். அடி வால்வைத் துடைத்து, முதலில் ஒன்றிரண்டு லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள். வால்வு மூலையில் தேங்கிய தண்ணீரும் கசடும் அதில் போகும். வாயுப் பரிசோதனைக்குக் கண்ணாடி சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். உள்ளே ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது, ஹைட்ரஜன் அந்தக் குமிழிக்குள் ஓடிப்போய்விடும். லேபிளில் தேதியோடு எண்ணெயின் சூட்டையும் அப்போதைய லோடையும் எழுதுங்கள். சூடு எழுதாத ஈர ரீடிங்கால் பயனில்லை. காரணம் அடுத்து வருகிறது.

ரிப்போர்ட்டைப் படிப்பது

பல இடங்களில் பி.டி.வி. (எண்ணெய் எத்தனை வோல்டேஜ் வரை தாங்கும் என்ற அளவு) மட்டும் பார்த்துவிட்டு 'எண்ணெய் ஓ.கே.' என்று எழுதுவார்கள். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 55 கே.வி. தாங்குகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அது எண்ணெயைப் பற்றித்தான் சொல்கிறது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். டிரான்ஸ்ஃபார்மருக்குள் 12 டன் எண்ணெய், 2 டன் காகிதமும் பிரஸ்போர்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் ஈரம் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்றால் மொத்தம் 240 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர். காகிதத்தில் ஈரம் 2 சதவீதம் என்றால் 40 கிலோ. மூன்று குடம் தண்ணீர்! ஃபில்டர் மெஷினை மூன்று நாள் ஓட்டி அந்த ஒரு டம்ளரை எடுத்துவிட்டுப் 'பி.டி.வி. 70 வந்துவிட்டது' என்று சந்தோஷப்படுகிறோம். சில வாரத்தில் காகிதத்திலிருந்து ஈரம் மீண்டும் எண்ணெய்க்கு வரும். சூடு ஏறினால் தண்ணீர் எண்ணெய்க்குப் போகும், குளிர்ந்தால் காகிதத்துக்குத் திரும்பும். அதனால்தான் சாம்பிள் எடுத்தபோது இருந்த சூடு தெரியாமல் ஈர ரீடிங்குக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

பி.டி.வி.யை விட நான் அதிகம் மதிப்பது அமிலத்தன்மை. 110 கே.வி. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு கிராம் எண்ணெய்க்கு 0.1 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வரை நல்லது, 0.2ஐத் தாண்டினால் மோசம் என்பது ஐ.இ.சி. 60422 தரும் எல்லை. அமிலம் காகிதத்தைத் தின்னும், கசடாகப் படிந்து காயிலுக்கு இடையே எண்ணெய் ஓடும் வழியை அடைக்கும், அதனால் சூடு ஏறும், சூடு இன்னும் அமிலத்தை உண்டாக்கும். இந்தச் சுழலை 0.15 வரும்போதே அறுத்துவிடுவது நல்லது. களிமண் வழியாக எண்ணெயைச் சுற்றவிட்டு அமிலத்தை எடுப்பார்கள். முகத்துக்குப் பூசுகிற முல்தானி மிட்டி வகைக் களிமண்தான் அது.

கரைந்த வாயுப் பரிசோதனை, அதாவது டி.ஜி.ஏ., நம் கையில் இருப்பதில் மிகப் பெரிய ஆயுதம். சூடும் மின்பொறியும் எண்ணெயை உடைக்கும்போது எந்த அளவு சூட்டில் உடைந்தது என்பதைப் பொறுத்து வாயு மாறும். ஹைட்ரஜன் மட்டும் ஏறினால் சின்னச் சின்ன டிஸ்சார்ஜ். எத்திலீன் ஏறினால் எங்கோ ஒரு இணைப்பு பழுக்கச் சூடாகிறது. அசிட்டிலீன் என்றால் ஆர்க். கார்பன் மோனாக்சைடு காகிதத்தைக் கவனிக்கச் சொல்கிறது.

எல்லைப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஏறும் வேகத்தைப் பாருங்கள். எத்திலீன் பத்து வருடமாக 200 பி.பி.எம்.மிலேயே நிற்கிற டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். ஆறு மாதத்தில் 20லிருந்து 90க்குப் போனது என்றால் அன்றே போன் செய்வேன். 90 பட்டியலின் எல்லைக்குள் இருந்தாலும் சரி. அசிட்டிலீன் இல்லாத இடத்தில் 3, 4 பி.பி.எம். புதிதாகத் தலைகாட்டினால் ஒரு வாரத்துக்குள் மறு சாம்பிள். கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் மின் நிறுவனத்தில் பணியாற்றிய மிஷேல் டுவால் 1970களில் உருவாக்கிய முக்கோணம் எல்லா லேப் ரிப்போர்ட்டிலும் வரும். மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் விகிதத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லும். நல்ல கருவி. ஆனால் வாயு ஏறியிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். ஆரோக்கியமான டிரான்ஸ்ஃபார்மரின் எண்களைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு கட்டத்தில் புள்ளி வைக்கும்.

காகிதத்தை நேரடியாகப் படிக்க ஃபியூரான் டெஸ்ட். செல்லுலோஸ் அறுபடும்போது 2-ஃபர்ஃபுரால் என்ற பொருள் எண்ணெயில் கரையும். 1 பி.பி.எம். இருந்தால் டி.பி. சுமார் 430, 5 பி.பி.எம். என்றால் சுமார் 230 என்று பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரம் சொல்கிறது. இது முழு டிரான்ஸ்ஃபார்மருக்கும் சராசரி. மிகச் சூடான சுற்றில் காகிதம் இதைவிட மோசமாக இருக்கும். வருடம் ஒரு முறை எடுத்தால் போதும்.

லைன் கிளியர் வாங்கிச் செய்யும் சோதனைகள்

சப்ளையை நிறுத்தி வேலை செய்ய லைன் கிளியர் (அனுமதி) வாங்க வேண்டும், அந்த ஷட்டவுன் கிடைப்பது கஷ்டம். கிடைத்த நாளில் மெகர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ்) மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். காயில்களின் டேன் டெல்டா (இன்சுலேஷனில் வீணாகும் மின்சாரத்தைக் காட்டும் அளவு), டேப் சேஞ்சரின் எல்லா டேப்பிலும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், புஷ்ஷிங்குகளின் டேன் டெல்டாவும் கெப்பாசிட்டன்ஸும். ஒரே ஒரு டேப்பில் ரெசிஸ்டன்ஸ் எகிறினால் அங்கே கான்டாக்ட் கருகியிருக்கிறது. வருடக்கணக்கில் தொடாத டேப்புகளுக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், அசைவிலேயே பாதி அழுக்கு தேய்ந்துபோகும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மரில் நான் அதிகம் பயப்படுவது புஷ்ஷிங்குக்குத்தான். காயில் கெட்டால் பெரும்பாலும் ரிலே பிடிக்கும், டிரிப் ஆகும். புஷ்ஷிங் வெடித்தால் எண்ணெய் பீய்ச்சித் தீப்பிடிக்கும். எண்ணெய்க் காகித வகைப் புஷ்ஷிங்கில் டேன் டெல்டா 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கெப்பாசிட்டன்ஸ் பழைய அளவிலிருந்து சில சதவீதம் ஏறினாலே உள்ளே ஓர் அடுக்கு ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். அடியில் இருக்கும் டெஸ்ட் டேப் (சோதனை முனை) மூடியைக் கழற்றித்தான் இந்தச் சோதனை செய்ய வேண்டும். முடிந்ததும் அந்த மூடியைத் திரும்பப் போட்டு, எர்த் ஆகியிருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூடி சரியாகப் போடாமல் சார்ஜ் செய்த ஒரு 110 கே.வி. புஷ்ஷிங்கை நான் பார்த்திருக்கிறேன். டெஸ்ட் டேப் இருந்த இடம் கருகி, எண்ணெய் கோடு போட்டு வழிந்தது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

2025 மார்ச் 20 இரவு மேற்கு லண்டனில் நார்த் ஹைட் சப்ஸ்டேஷனில் 275 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தீப்பிடித்தது. மறுநாள் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டது. அந்த நாட்டின் மின் அமைப்பை இயக்கும் நிறுவனமான நீசோ அந்த ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, ஒரு புஷ்ஷிங்குக்குள் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம் என்றது. என்னை உறுத்துவது அதற்கு அடுத்த செய்தி. அந்தப் புஷ்ஷிங்கில் ஈரம் அதிகம் என்று 2018 ஜூலையில் எடுத்த எண்ணெய் சாம்பிளே காட்டியிருக்கிறது. சாம்பிள் எடுத்தவர் எடுத்தார், லேப் சரியாகத்தான் சொன்னது. மாற்ற வேண்டிய புஷ்ஷிங் ஏறக்குறைய ஏழு வருடம் அங்கேயே நின்றது.

ஆகவே உங்கள் நோட்டில் ஒவ்வொரு மோசமான ரீடிங்குக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் மாதக் கூட்டத்தில் அதைத்தான் முதலில் பேச வேண்டும். டிரான்ஸ்ஃபர் ஆகிப் போகும்போது பொறுப்பை ஒப்படைக்கும் சார்ஜ் லிஸ்டோடு இந்த நோட்டையும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

எதை முதலில் மாற்றுவது?

பணம் எல்லாவற்றுக்கும் வராது. உங்கள் கோட்டத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு இரண்டு மதிப்பெண் போடுங்கள்: உடல்நிலைக்கு ஒன்று, போனால் வரும் பாதிப்புக்கு ஒன்று. ஒற்றை டிரான்ஸ்ஃபார்மரில் அரசு மருத்துவமனையும் குடிநீர் மோட்டாரும் ஓடுகிற சப்ஸ்டேஷனில் சுமாரான உடல்நிலைகூடப் பெரிய ஆபத்து. பக்கத்தில் ஜோடி டிரான்ஸ்ஃபார்மர் இருந்து ஒன்றே முழு லோடும் தாங்கும் என்றால் மோசமானதைக்கூடக் கண்காணித்து ஓட்டலாம்.

மாற்றுவதற்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அமிலம் ஏறினால் எண்ணெயைச் சுத்திகரிப்பது, புஷ்ஷிங் மட்டும் மாற்றுவது, கேஸ்கெட்டுகளைப் புதுப்பிப்பது, கூடுதல் ஃபேன் வைப்பது. ஃபியூரான் 5ஐ நெருங்கிவிட்டால் எண்ணெய்க்குச் செலவு செய்ய வேண்டாம். அந்தப் பணத்தைப் புதியதற்கு வையுங்கள். ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம் என்பதால் கடைசி நிமிடம் வரைக்கும் காத்திருக்க முடியாது. அது வரும்வரை பழையதன் லோடைக் குறையுங்கள், கோடையில் உச்ச நேரத்தில் ஒன்றிரண்டு ஃபீடரை வேறு சப்ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுங்கள். ஈரமான டிரான்ஸ்ஃபார்மருக்கு ஓவர்லோடு கொடுக்கவே கூடாது. காகிதத்தில் 2 சதவீத ஈரம் இருந்தால், சூடான இடம் 140 டிகிரியை எட்டும்போது ஈரம் குமிழியாக வெளியே வரும். குமிழி இருக்கும் இடத்தில் இன்சுலேஷன் இல்லை. ஃபீடர் ஃபால்ட் அடிக்கடி வரும் கிளைக்குப் பழைய டிரான்ஸ்ஃபார்மரை இடம் மாற்றவும் வேண்டாம்.

கடைசியில் ஒரு நாள் அதைக் கண்டம் செய்து (இனி உதவாது என்று ஒதுக்கி) ஏலத்துக்கு அனுப்புவீர்கள். அனுப்பும் முன் டேங்கைத் திறக்க அனுமதி வாங்கி, காயிலின் மேல் பகுதி, நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து கொஞ்சம் காகிதம் கிழித்து லேபுக்கு அனுப்புங்கள். உண்மையான டி.பி. என்ன என்று தெரியும். கடைசி ஃபியூரான் ரிப்போர்ட் சொன்னதோடு அதை ஒப்பிட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அதே கம்பெனியிலிருந்து அதே வருடத்தில் வந்த கூடப்பிறந்தது இன்னொன்று பக்கத்து சப்ஸ்டேஷனில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே இருக்கும் ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளருக்கு) அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிவிடுங்கள்.